ஆறு செகண்ட் மிச்சம் இருந்தது

அந்தக் கோச் டைம் அவுட் கேட்கவில்லை. பதினொரு வருஷமாக என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது இந்த ஒன்றுதான். சம்சாரம் போட்ட சண்டையெல்லாம் மறந்துபோச்சு. தம்பி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டது மறந்துபோச்சு. இது மறக்கவில்லை. கல்லூரி பாஸ்கெட்பால் ஃபைனல், ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், பந்து நம்ம கையில், அரை நிமிஷம்கூட இல்லை. விவரம் தெரியாத குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், டைம் அவுட் கேளு, பசங்களைக் கூப்பிட்டு நிறுத்தி என்ன செய்யணும்னு சொல்லு என்று. அந்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

நான் படித்தது ஏழாவது வரை. அந்தக் கல்லூரிக்குள் படிக்கப் போனவன் இல்லை. அதன் பின்பக்கச் சுவரை ஒட்டி எங்கள் பட்டறை. நான் வெல்டிங். இரும்பு கடைகிற லேத்தில் நின்றவர் என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா. எழுத உட்கார்ந்தது அவரைப் பற்றித்தான். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டும் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

மாமா போய் எட்டு மாசம் ஆகிறது. இன்னும் நான் முகத்துக்கு ஷீல்டைப் பிடித்து, ராடை இரும்பில் தொட்டேன் என்றால், பக்கத்தில் யாரோ எண்ணுகிறார்கள். பத்திலிருந்து கீழே. ஷீல்டை எடுத்துப் பார்த்தால் ஓடாத லேத்தும் அதன் மேல் போர்த்திய சாக்கும்தான் இருக்கும். பட்டறை முதலாளி கேட்கிறார், "என்னப்பா, பாதியில பாதியில நிறுத்துற?" கரண்ட் ஏறி இறங்குது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாமாவுக்குப் பட்டப்பேர் சைரன். இருபத்தாறு வருஷம் ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அவர் ரகசியம் சொன்னால் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பதில் சொல்வார். அக்கா தலையில் அடித்துக்கொள்ளும்: "பக்கத்துலதான உட்கார்ந்திருக்கேன்? குழம்புல உப்பு இல்லன்னு நீங்க சொன்னது எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்டு, அவ கிண்ணத்துல உப்பு கொண்டாந்து நிக்கிறா."

பாஸ்கெட்பால் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்றால், எங்கள் வேலையால்தான். கல்லூரிப் பையன் எவனோ எகிறி ரிங்கைப் பிடித்துத் தொங்கி வளைத்துவிட்டான். வளையத்தைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் நிமிர்த்திப் பற்ற வைத்தேன். மாமா நாலு போல்ட்டையும் புதுசாகக் கடைந்தார். நாமே மாட்டிக் கொடுத்துவிடுவோம் என்று உள்ளே போனோம். மாட்டி இறங்கினதும் பசங்கள் சும்மா ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். மாமா ஸ்பேனரும் கையுமாக சிமெண்ட் படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த மூன்றாவது படியை விட்டு அவரை எழுப்ப அக்காவாலும் முடியவில்லை.

அவருக்குப் பிடித்தது பந்துகூட இல்லை, கடிகாரம். அந்த ஆட்டத்தில் விசில் ஊதினால் கடிகாரம் நின்றுவிடும். பந்து வெளியே போனாலும் நிற்கும், தப்பாட்டம் ஆடினாலும் நிற்கும். மறுபடி பந்து உள்ளே வந்தால்தான் ஓடும். "இதைப் பாரு மாப்ள. நம்ம பொழப்புல என்னைக்காவது ஒருத்தன் விசில் ஊதி நேரத்தை நிறுத்தியிருக்கானா?" என்பார்.

ஒரு பீஸ் கடைய எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்று பார்க்க முதலாளி வாங்கிக் கொடுத்த ஸ்டாப் வாட்ச் ஒன்று அவர் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும். அதை மேட்ச்சுக்கும் மாட்டிக்கொண்டு போவார். டேபிளில் உட்கார்ந்திருக்கிற நேரக்காரர் நிறுத்தும்போது இவரும் நிறுத்துவார், அவர் ஓட்டும்போது இவரும் ஓட்டுவார். கடைசிப் பத்து செகண்ட் வந்தால் எழுந்து நின்று எண்ண ஆரம்பிப்பார். பத்து, ஒன்பது, எட்டு... படி முழுக்கச் சேர்ந்துகொள்ளும். ஆடுகிற பசங்கள் தலையைத் திருப்பி நேரம் காட்டுகிற போர்டைப் பார்க்கவே தேவையில்லாமல் போச்சு. சைரன் எண்ணினால் சரியாக இருக்கும். ஒரு தடவை அவருக்கும் போர்டுக்கும் ஒரு செகண்ட் இடித்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் போர்டில்தான் கோளாறு. அன்றைக்கு மாமா டீக்கடையில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கோச் வந்தார். நாற்பது வயசு இருக்கும். ஒல்லி. வாய் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே பாதிதான் கேட்கும். மாமாவுக்கு அதிலேயே பிடிக்காமல் போச்சு. "கோச்சா இவரு? லைப்ரரியில வேலைக்கு வந்தவரைத் தப்பா இங்க அனுப்பிட்டாங்கடா."

லேத் ஒரு பக்கம் இரும்பைக் கடையும், மாமா ஒரு பக்கம் கோச்சைக் கடைவார். நன்றாக ஆடுகிறவனை உட்கார வைக்கிறார், உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவனை எழுப்பி அனுப்புகிறார். எதிராளி ஓட ஓட நம்ம பசங்களை நடக்கச் சொல்கிறார். நெட்டையன் கைக்குப் பந்து போகவே இல்லை. குட்டையன் தனியாகவே வித்தை காட்டுகிறான். இதையெல்லாம் கேட்க ஒரு ஆள் வேண்டாமா? நான் கேட்பேன். கேட்டுக் கேட்டு எனக்கும் ரத்தத்தில் ஏறிவிட்டது. எனக்கு அந்த ஆட்டத்தில் பாதி விதி இன்னும் தெரியாது. ஆனால் கோச் சரியில்லை என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கோச் படியேறி எங்களிடம் வந்தார்.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம். கடைசியில எண்ணுறீங்கல்ல, அதைக் கொஞ்சம் நிறுத்திக்கிட்டா நல்லது."

"ஏன் சார், தப்பா எண்ணுறேனா?"

"தப்புன்னு சொல்லல. பசங்க உங்க குரலைக் கேட்டு ஆடுறாங்க. என் குரல் அவங்களுக்குக் கேட்க மாட்டேங்குது."

"இருந்தாத்தானே கேட்குறதுக்கு?" என்றார் மாமா. "போங்க சார். போய்க் கையைக் கட்டிட்டு நில்லுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருது."

படி முழுக்கச் சிரித்தது. சைக்கிள் கடைக்காரர் பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டிச் சிரித்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். கோச் இறங்கிப் போனார். இறங்கும்போது ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த வருஷம் ஃபைனல் எங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். இரண்டாவது கால்பகுதியிலேயே போர்டு அணைந்துபோச்சு. நேரம் தெரிகிற பெட்டி இருட்டாகிவிட்டது. டேபிளில் நேரக்காரர் கையில் வாட்ச்சை வைத்துக்கொண்டு பார்த்தார். பசங்களுக்கு நேரம் தெரிய வழி இல்லை. மூன்றாவது படியில் மாமா இருந்தார், அவ்வளவுதான் வழி. எங்கள் பசங்கள் ஓடுகிற ஓட்டத்தில் அவர் பக்கம்தான் பார்த்தார்கள். மாமாவும் ஒவ்வொரு நிமிஷமும் கத்திச் சொன்னார். கோச் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

கடைசியில் நாங்கள் ஐம்பத்தெட்டு, அவர்கள் ஐம்பத்தொன்பது. எதிராளி கையில் பட்டுப் பந்து வெளியே போச்சு. விசில். பந்து நமக்கு. மாமா எழுந்து நின்று இரண்டு கையாலும் டைம் அவுட் சைகை காட்டிக் கத்தினார். "கேளுய்யா! டைம் அவுட் கேளுய்யா! வாய்ல என்ன வச்சிருக்க? கேளுய்யா!" நானும் கத்தினேன். படி முழுக்கக் கத்தியது. கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பந்து உள்ளே வந்தது. குட்டையன் வாங்கினான். தட்டிக்கொண்டே மெதுவாக நடுக்கோட்டைத் தாண்டினான். மாமா ஆரம்பித்தார். பத்து. படி சேர்ந்துகொண்டது. ஒன்பது. எட்டு. கூடைக்குக் கீழே நெட்டையன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், அவனைச் சுற்றி யாருமில்லை. ஆனால் அவனிடம் கொடுக்க நேரம் ஏது? மூன்று. இரண்டு. குட்டையன் தூரத்திலிருந்தே எறிந்தான். பந்து பலகையில் மோதி வெளியே தெறித்தது. எதிராளி பிடித்தான்.

ஒன்று, என்று மாமா சொல்லி முடித்தார். விசில் வரவில்லை.

எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டே நின்றான். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பசங்கள் முடிந்துபோச்சு என்று நின்றுவிட்டார்கள். கோச் முதல்தடவையாகக் கையைப் பிரித்து ஏதோ கத்தினார். என்ன கத்தினாரோ, படியில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை, பசங்களுக்கும் கேட்கவில்லை. அப்புறம்தான் டேபிளிலிருந்து விசில் வந்தது. ஆறு செகண்ட் கழித்து.

படியில் ஒரே கூச்சல். நேரக்காரன் மோசடி பண்ணிட்டான் என்றார்கள். குட்டையனுக்கு மூளையில்லை என்றார்கள். கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. டைம் அவுட் கேட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? அடுத்த வாரமே கோச்சை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதினார்கள். படியில் எங்களோடு உட்காருகிற பழைய போஸ்ட்மேன் ஒருத்தர் அழகாக எழுதினார். "முதல் கையெழுத்து சைரன்தான் போடணும்" என்று நீட்டினார்கள். மாமா பேனாவை வாங்கிப் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். நான் இரண்டாவது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அன்றைக்கு மட்டும் நிறுத்தி நிதானமாகப் போட்டேன்.

வருஷ முடிவில் கோச்சை அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மாமா எண்ணவில்லை. மேட்ச்சுக்கு வருவார், அதே படியில் உட்காருவார், வாய் திறக்க மாட்டார். ஸ்டாப் வாட்ச் பட்டறையில் ஆணியில் தொங்கியது. எல்லாரும் கெஞ்சினார்கள். "நமக்கு எதுக்கு?" என்பார். சைரன் கோபத்தில் இருக்கிறார், பழைய கோச் செய்த வேலைக்கு இந்த ஆட்டத்தையே வெறுத்துவிட்டார் என்று நாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டோம்.

பட்டறையில் இன்னொன்று நடக்க ஆரம்பித்தது. லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆஃப் பண்ணிவிட்டு நிற்பார்.

"கேட்குதா மாப்ள?"

"என்ன மாமா?"

"பந்து."

கல்லூரி லீவு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா கிடையாது. நான் டிரம் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். வெயில் அடிக்கிற சிமெண்ட்டும் இரண்டு கம்பமும்தான். "யாரும் இல்ல மாமா" என்றால் தலையாட்டிவிட்டு மெஷினைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆஃப். "தட்டிக்கிட்டே இருக்கான். எறிய மாட்டேங்குறான்" என்றார் ஒரு நாள். யார் என்று நான் கேட்கவில்லை. அவர் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைவிட அவர் சொன்ன விதம் பயமாக இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் கடைசல் பிசிறில் கையைக் கிழித்துக்கொண்டிருந்தார், இருபது வருஷத்தில் முதல்தடவை.

அப்புறம் கோச்சுக்கு எந்தக் கல்லூரியிலும் வேலை கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பைப், மோட்டார் சாமான் விற்கிற கடையில் கவுண்டரில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா அங்கே போவார். எதிர்ப்புற டீக்கடையில் ஒரு டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கவுண்டரையே பார்ப்பார். டீ ஆறி ஏடு படிந்துவிடும். ரோட்டைத் தாண்ட மாட்டார். பகையை ஊட்டி வளர்க்கிறார் என்று நான் நினைத்தேன். சரி, நாமும் நம்ம பங்குக்குச் செய்வோம் என்று நான் தாண்டினேன்.

"என்ன சார், வாஷர் இருக்கா? இல்ல அதுக்கும் டைம் அவுட் கேட்கணுமா?"

கடையில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். கோச் சிரித்தார், அது சிரிப்பே இல்லை. ஒரே ஒரு தடவை பதில் சொன்னார். "அவங்க டீம்ல கூடைக்குக் கீழ நிக்கிற சென்டர் பையனுக்கு அப்போ மூச்சு வாங்குச்சுங்க. டைம் அவுட் கேட்டா ஒரு நிமிஷம் உட்காருவான், மூச்சு திரும்பிடும். அதான் கேட்கல." நான் அதற்கும் ஒரு நக்கல் அடித்துவிட்டு வந்தேன். நான் பேசும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்க மாட்டார். என் தோளுக்கு மேலே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ கிளாஸோடு நிற்கிற மாமாவைப் பார்ப்பார். மாமா தலையைக் குனிந்துகொள்வார். இதை நான் எத்தனையோ வருஷம் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஏழாவது படித்தவன் புத்தி.

போன வருஷம் மாமாவுக்குத் தொண்டையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதற்கு மேல் ஒரு வலைத்துணி. அந்தக் குரல் போனதும் தெருவே காலியான மாதிரி ஆச்சு. எதிர்வீட்டுக்காரி வந்து அழுதாள். அக்கா அழவில்லை. வாசலைப் பார்த்து உட்கார்ந்து, "மெதுவா பேசுங்க, மெதுவா பேசுங்கன்னு சொல்லிச் சொல்லி நானே நிறுத்திட்டேன்டா" என்றது.

மாமாவுக்குப் பேப்பர் பேனா பிடிக்கவில்லை. பட்டறையிலிருந்து ஒரு சாண் அகலத் தகடு ஒன்று கேட்டார். நான் ஓரத்தை மழுக்கிக் கொடுத்தேன். இரும்பில் குறி போடுகிற சாக்கட்டியால் அதில் எழுதுவார், உள்ளங்கையால் துடைப்பார், மறுபடி எழுதுவார். ஒரு தடவைக்கு ஏழெட்டு வார்த்தைதான் பிடிக்கும்.

ஒரு மத்தியானம் போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தது. மாமாவுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று சொன்னேன். "இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுல நம்ம ஆளைப் பார்த்தேன் மாமா. விடுவேனா? என்ன சார், இன்னும் கையைக் கட்டிட்டுதான் நிக்கிறீங்களான்னு கேட்டுட்டுத்தான் வந்தேன்."

தகட்டில் சாக்கட்டியை ஓங்கிக் குத்தினார். கட்டி இரண்டாக உடைந்தது. பாதியை எடுத்து எழுதினார்.

கேட்காத.

"ஏன் மாமா?"

துடைத்தார். அவர் தப்பு இல்ல.

"பின்ன யாரு தப்பு?"

தகட்டைத் தூக்கித் தன் நெஞ்சில் இடித்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. "நெஞ்சு வலிக்குதா? அக்காவைக் கூப்பிடவா?" என்று எழுந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். எழுதினார்.

வாட்ச்சை நிறுத்தல.

அப்புறம் எழுதுவதும் துடைப்பதுமாக அரைமணி நேரம் போச்சு. நான் கோத்துச் சொல்கிறேன். பந்து வெளியே போய் விசில் ஊதினபோது நேரக்காரர் கடிகாரத்தை நிறுத்திவிட்டார். மாமா அந்த நேரத்தில் இரண்டு கையையும் தூக்கிக் கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தார். வாட்ச் கழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. திட்டி முடித்துப் பார்த்தபோது சுரீரென்று இருந்திருக்கிறது. டக்கென்று நிறுத்தினார். எத்தனை செகண்ட் அநியாயமாக ஓடிப்போச்சு என்று தெரியவில்லை. பந்து உள்ளே வந்ததும் மறுபடி ஓட்டினார்.

"அப்போ, தப்பா இருக்குன்னு உங்களுக்கே தெரியும்?"

தலையாட்டினார். தெரிஞ்சே எண்ணினேன்.

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

சாக்கட்டியைத் தகட்டில் வைத்தார், எடுத்தார். கழுத்து ஓட்டையில் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எழுதினார். பத்து வந்துச்சு. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

அதைத் துடைத்துவிட்டு இன்னொன்று எழுதினார். கோச்சும் பார்த்தார். விசில் வரலன்னதும் திரும்பி மேல பார்த்தார்.

பதினொரு வருஷமாக அவர் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது அந்தப் பார்வைதான். கோச்சுக்கு அந்த நிமிஷமே தெரியும். மனு கொடுத்தபோதும் தெரியும், வேலை போனபோதும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேச முடியாத மனுஷனைப் பிடித்துத் திட்டவும் முடியாது. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே வந்துவிட்டேன். நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அஞ்சாம் நாள் அக்கா பட்டறைக்கே வந்துவிட்டது.

"என்னடா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"வாயே இல்லாத மனுஷன்கிட்ட எப்படிடா சண்டை போட்ட? எனக்கும் சொல்லிக் கொடு. இருபத்தெட்டு வருஷமா நான் ஜெயிச்சதே இல்ல."

போனேன். மாமா வெளுத்த சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். தகட்டில் முன்னாலேயே எழுதி வைத்திருந்தார், பெரிய பெரிய எழுத்தில். அன்னைக்கு எண்ணினது என் தப்பு. மன்னிச்சுருங்க. எங்கே போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் நல்ல கூட்டம். மாமா தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தன், நடுவில் மாமா. இறங்கினதும் ரோட்டை நேராகத் தாண்டினார். பதினொரு வருஷத்தில் முதல்தடவை. கவுண்டர் முன்னால் போய் நின்று தகட்டைத் திருப்பித் தூக்கிக் காட்டினார்.

கோச் தகட்டைப் பார்த்தார். மாமாவின் சட்டையைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். எழுதினதெல்லாம் பஸ் நெரிசலில் சட்டையில் தேய்ந்துபோயிருந்தது. நெஞ்சு முழுக்க வெள்ளை. தகட்டில் ஒரு "எண்" மட்டும் மங்கலாக நின்றது. சாக்கட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இந்தப் பையைத் தடவினார், அந்தப் பையைத் தடவினார், என்னைப் பார்த்தார். நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார். லேத் பிடித்த கை, நோயிலும் அந்தப் பிடி போகவில்லை.

"வாங்கண்ணே" என்றார் கோச். அதே சன்னக் குரல். "தொண்டைக்கு என்னாச்சு?"

மாமா கழுத்தைக் காட்டினார்.

"அடடா. நல்ல குரலாச்சே." கிண்டல் இல்லை அதில். அதுதான் தாங்க முடியவில்லை.

மூலையில் இருந்த ஸ்டூலை எடுத்துப் போட்டார். மாமா உட்காரவில்லை. நான் எதையாவது பேச வேண்டுமே என்று, "இந்த வருஷம் டீம் பரவாயில்ல சார், ஒரு நாளைக்கு வந்து பாருங்க" என்றேன். எவ்வளவு மடத்தனம்.

அன்றைக்குத்தான் கோச் என்னை நேராகப் பார்த்தார்.

"நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க. என் வீடு காலேஜுக்குப் பின்னாடி மூணாவது தெரு. பஸ் இறங்கி நேரா போனா அஞ்சு நிமிஷம். சுத்திக்கிட்டுத்தான் போறேன். சைக்கிள் கடையில உட்கார்ந்திருக்கவங்க யாராவது ஒருத்தர் அந்த டைம் அவுட்டைப் பத்திக் கேட்டுருவாங்க. எனக்குப் பழகிப்போச்சு. பொண்ணு கூட வரும்போது கேட்டா, அவ முகம் ஒரு மாதிரி ஆயிடுது. அதுக்குத்தான்."

அதற்குள் ஒரு ஆள் முக்கால் இஞ்ச் பைப் கேட்டு வந்தார். கோச் அளக்கப் போய்விட்டார். மாமா தகட்டைக் கவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் வரும்போது அவர் கை தன் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. ஒரே தாளம். பந்து தட்டுகிற தாளம். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

அதற்கப்புறம் மாமா மறுபடி போகவில்லை. போக உடம்பும் இடம் கொடுக்கவில்லை. கட்டி வேறு இடத்தில் கிளம்பிவிட்டது. முன் அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். அந்த ஜன்னலிலிருந்து கல்லூரி தெரியாது, சத்தமும் வராது. ஆனாலும் மத்தியானத்தில் சில நேரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டுவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். பொய் சொன்னேனா, நிஜம் சொன்னேனா என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே தெரியவில்லை. கடைசி வாரத்தில் எனக்கும் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது.

அவர் போனபிறகு இந்த வருஷத்து மேட்ச் மூன்று முடிந்துவிட்டது. மூன்றுக்கும் போனேன். மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். அதே ஆட்கள்தான், தலை நரைத்திருக்கிறது. புதுக் கோச்சைத் திட்டுகிறார்கள், நடுநடுவே பழைய கோச்சையும் இழுக்கிறார்கள். "அன்னைக்கு மட்டும் டைம் அவுட் கேட்டிருந்தா" என்று சைக்கிள் கடைக்காரர் ஆரம்பிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை என்ன செய்யும் என்று அப்போதுதான் தெரிகிறது. "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று இறங்கிவிடுகிறேன். என் தொண்டை புகையில் வெந்த தொண்டை, சத்தம் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தொண்டை காரணம் இல்லை. மனுவில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

கடைசி நாள் மத்தியானம் மாமாவால் தகட்டைத் தூக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். சாக்கட்டியை விரலில் நிற்க வைக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. எழுத்து கோணல்மாணலாக வந்தது.

அவருக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லு.

"யாருகிட்ட மாமா? சைக்கிள் கடைக்காரர்கிட்டயா? நாளைக்கே கடையில போய்ச் சொல்லிடுறேன்."

இல்லை என்று விரலை ஆட்டினார். நான் துடைத்தேன். படியில சொல்லு. மேட்ச் அன்னைக்கு.

"சரி மாமா. ஆட்டம் முடிஞ்சதும் நாலு பேரைத் தனியா கூப்பிட்டுப் பக்குவமா எடுத்துச் சொல்றேன். நீங்க அலட்டிக்காதீங்க."

என் கையைத் தட்டிவிட்டார். பலமே இல்லாத தட்டு, ஆனாலும் தட்டு. தகட்டைக் காட்டினார். துடைத்து மறுபடி பிடித்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கி எழுதினார்.

நான் கத்தினதுக்குக் குறையாம கத்து.